ரீஜென்சி காதல் நாவல்கள்: இரவல் வாங்கிப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

என் அலமாரியில் ஆங்கில ரீஜென்சி நாவல்கள் இரண்டு தட்டு நிறைய இருக்கின்றன. இரவல் வாங்கிப் போகிறவர்கள் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது ஒரு சந்தேகத்தையும் சேர்த்துத் தருகிறார்கள் (சிலர் சந்தேகத்தை மட்டும் தருகிறார்கள்; புத்தகம் வருவதில்லை). பத்துப் பதினைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வருவதால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலையும் போட்டிருக்கிறேன்.

ரீஜென்சி என்பது ஊர்ப் பெயரா, ராணியின் பெயரா?

இரண்டும் இல்லை. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கியதால், 1811 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகன் அரசப் பிரதிநிதியாக, அதாவது ரீஜென்ட்டாக, பொறுப்பேற்றார். 1820 ஜனவரியில் தந்தை இறந்ததும் மகன் நான்காம் ஜார்ஜ் ஆனார். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள்தான் கறாரான ரீஜென்சி. 1790-களின் நடுவிலிருந்து விக்டோரியா பட்டத்துக்கு வந்த 1837 வரை அந்தப் பெயரை நீட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

அந்த இளவரசரே ஒரு நடமாடும் வம்பு. 1785-இல் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை ரகசியமாக மணந்தார். அரச குடும்பத் திருமணச் சட்டப்படி அது செல்லவில்லை. 1795-இல் கடன் தொல்லையால் ஜெர்மானிய இளவரசி கரோலினைக் கைப்பிடித்தார். 1821-இல் அவருடைய முடிசூட்டு விழாவுக்கு வந்த கரோலினை, தேவாலயக் கதவைச் சாத்தி உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். நாட்டின் தலைமகன் இப்படி. அவருடைய காலத்தில்தான் மற்ற வீட்டுப் பெண்கள் ஒரு பார்வை பிசகினாலும் பேச்சுக்கு ஆளானார்கள்.

ஜேன் ஆஸ்டின் எழுதியதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. ஆஸ்டின் தன் காலத்தைத் தானே பார்த்து எழுதினார். 1811-க்கும் அவர் இறந்த 1817-க்கும் இடையில் ஆறு நாவல்களும் வந்துவிட்டன. கடைசி இரண்டு அவர் மறைவுக்குப் பின் வந்தவை. அவருக்கு அது சரித்திரம் அல்ல, பக்கத்து வீடு.

நாம் இரவல் வாங்கும் வகை அதற்கு நூறாண்டு பிந்தியது. ஜார்ஜெட் ஹேயர் 1935-இல் முதல் ரீஜென்சி நாவலை எழுதி, கழுத்துத்துணிக் கட்டு முதல் குதிரை வண்டி வகை வரை ஆராய்ந்து ஒரு பாதை போட்டுக் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

முடிவு முதல் பக்கத்திலேயே தெரிகிறதே, பிறகு எதற்கு முந்நூற்றைம்பது பக்கம்?

துப்பறியும் கதையில் கொலையாளி அகப்படுவான் என்றும் தெரியும்தானே. இங்கே இருவரும் சேருவார்கள் என்பது எழுத்தாளர் வாசகருக்குக் கொடுத்த வாக்கு. நடுவில் இருப்பது பேரம். அந்தப் பேரத்தில் யார் எதை இழக்கிறார்கள் என்று பாருங்கள். காதல் கதை என்று நினைத்து எடுப்பீர்கள். உள்ளே பாதி சொத்துச் சட்டமும் திருமணச் சட்டமும்தான் இருக்கும். கீழே வரும் பதில்களில் பாதி வக்கீல் நோட்டீஸ் போல இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ஒருவனோடு தோட்டத்தில் ஐந்து நிமிடம் நின்றதற்கு ஒரு குடும்பமே அழிந்துபோகுமா? நம்பும்படியாக இல்லையே.

நாவல்களில் கொஞ்சம் முறுக்கேற்றியிருப்பார்கள். ஆனால் அடிப்படை பொய்யல்ல. உயர்குடிப் பெண்ணுக்குச் சம்பாதிக்கும் வழி கிடையாது. பிறர் வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை போல ஒன்றிரண்டுதான் மானத்தோடு கிடைக்கும், அதிலும் சம்பளம் சொற்பம். ஆகவே திருமணமே பிழைப்பு. திருமணச் சந்தையில் அவளுடைய பெயர்தான் முதலீடு. அதில் கறை பட்டால் அவளோடு அவளுடைய தங்கைகளின் முதலீடும் கரையும்.

இதற்கு விலைச்சீட்டே உண்டு. ஆஸ்டினின் 1813 நாவலான 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்'-இல் பென்னட் வீட்டுக் கடைக்குட்டி லிடியா, விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிவிடுகிறாள். அவன் அவளை மணப்பதாக இல்லை. மணக்க வைப்பதற்கு, லிடியாவின் அக்காள் எலிசபெத்தை விரும்பும் செல்வந்தன் டார்சி கொடுப்பது: அவனுடைய கடன் ஆயிரம் பவுண்டுக்கு மேல், அவள் பெயரில் இன்னோர் ஆயிரம், அவனுக்கு ராணுவத்தில் ஒரு பதவி. ஒரு பெண் ஓடிப்போனதை 'ஒழுங்கான கல்யாணம்' என்று மாற்றி எழுதுவதற்கு ஆன செலவு அது.

நமக்கு அலர் என்ற சொல் இருக்கிறது. திருக்குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே ஊர்ப்பேச்சு காதலுக்கு எரு. லண்டனில் அதே பேச்சு விலையை இறக்கும் தரகன்.

ஆண்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகாதா?

ஆகும், பணமாக. ஒருவன் மனைவியோடு இன்னொருவன் உறவு வைத்தால், கணவன் அந்த ஆணின் மேல் நஷ்டஈடு வழக்குப் போடலாம். மனைவி அந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை. அவள் சாட்சி சொல்லவும் முடியாது. வேலைக்காரர்கள் கூண்டில் ஏறிப் படுக்கை விரிப்பைப் பற்றிச் சொல்வார்கள். அச்சகத்தார் அதைச் சிறு புத்தகமாகப் போட்டு விற்பார்கள். 1857 வரை இந்த வழக்கு முறை இருந்தது.

எந்த நாவலையும் விட எனக்குப் பிடித்த உதாரணம் 1809-இல் நடந்தது. எட்டுக் குழந்தைகளுக்குத் தகப்பனான பேஜெட் பிரபு, நான்கு குழந்தைகளுக்குத் தாயான சார்லட் வெல்லெஸ்லியோடு போய்விட்டார். சார்லட்டின் கணவர் ஹென்றி, பின்னாளில் வெலிங்டன் டியூக் ஆன ஆர்தரின் தம்பி. கோர்ட்டு விதித்த நஷ்டஈடு இருபதாயிரம் பவுண்டுக்குக் குறையாது. சார்லட்டின் சகோதரர் விம்பிள்டன் திடலில் பேஜெட்டோடு துப்பாக்கிச் சண்டை போட்டார், இருவருக்கும் காயமில்லை. இரு வீட்டிலும் விவாகரத்து முடிந்து பேஜெட்டும் சார்லட்டும் மணந்துகொண்டார்கள்.

ஆறு ஆண்டு கழித்து வாட்டர்லூவில், அதே வெலிங்டனின் கீழ் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவர் யார்? பேஜெட்தான். அங்கே ஒரு காலை இழந்தார். மார்க்வெஸ் பட்டம் கிடைத்தது. பிறகு அயர்லாந்தை ஆளவும் அனுப்பினார்கள். சார்லட்டுக்கோ பல வீட்டுக் கதவுகள் கடைசிவரை திறக்கவில்லை.

அப்படியானால் விவாகரத்து உண்டா? எந்த நாவலிலும் காணோமே.

உண்டு, நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வைக்கும் வசதி இருந்தால். 1857-க்கு முன் அப்படி விவாகரத்து பெற்ற பெண்கள் மொத்தமே நான்கு பேர். முதலாமவர் 1801-இல் பெற்றார். கணவனின் கள்ள உறவு மட்டும் போதாது. அவருடைய வழக்கில் கணவன் உறவாடியது மனைவியின் உடன்பிறந்த சகோதரியோடு.

வரதட்சணை அங்கேயும் இருந்ததா?

இருந்தது, எழுத்து வடிவில். திருமணத்துக்கு முன் இரு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதுவார்கள்: பெண் கொண்டுவரும் தொகை, அவளுடைய கைச்செலவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு, அவள் விதவையானால் எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு. இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் தாலி கட்டிய கையோடு, மன்னிக்கவும், மோதிரம் போட்ட கையோடு, அவளுடைய பணமும் நகையும் கணவனுடையவை. 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின.

எலிசபெத் பென்னட்டின் பங்கு ஆயிரம் பவுண்ட், அதுவும் தாய் இறந்த பின். நாலு சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு நாற்பது பவுண்ட். டார்சியின் ஆண்டு வருமானம் பத்தாயிரம். அவள் அவனுடைய முதல் வேண்டுகோளை நிராகரிக்கும் காட்சியை இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

'சீசன்' என்கிறார்களே, அது பருவ காலமா?

கல்யாணப் பருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றம் கூடும்போது நிலப்பிரபுக்கள் குடும்பத்தோடு லண்டன் வருவார்கள். ஈஸ்டருக்குப் பிறகு கோடைவரை நடன விருந்துகள் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டில் எல்லோரும் வேட்டைக்குக் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். ஆகஸ்ட் கடைசியில் லண்டன் நடன விருந்து வைக்கும் நாவலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

இதன் கருவறை கிங் ஸ்ட்ரீட்டில் இருந்த ஆல்மாக்ஸ் மண்டபம். புதன்கிழமை இரவு நடனம். அனுமதிச் சீட்டு தருவதும் மறுப்பதும் ஏழெட்டுச் சீமாட்டிகளின் கையில். காவல்படையின் முந்நூறு அதிகாரிகளில் ஆறு பேருக்கு மேல் சீட்டு கிடைக்கவில்லை என்று அந்தப் படையில் இருந்த கேப்டன் குரோனோ எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகு உள்ளே கிடைத்தது எலுமிச்சைச் சாறு, டீ, வெண்ணெய் தடவிய மெல்லிய ரொட்டி. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் இதைப் போட்டால் சம்பந்திச் சண்டை வந்திருக்கும்.

ஓடிப்போகிறவர்கள் எல்லோரும் ஏன் ஸ்காட்லாந்துக்கே ஓடுகிறார்கள்?

1754-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் காரணம். இங்கிலாந்தில் திருமணம் தேவாலயத்தில் நடக்க வேண்டும். அதற்கு முன் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிக்க வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் 'ஓலை வாசிப்பது' என்பார்களே, அதேதான். இல்லையென்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அது கிடைக்காது. ஓலை வாசிக்கும்போது தகப்பன் எழுந்து ஆட்சேபித்தாலும் முடிந்தது கதை.

அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. அங்கே இருவரும் சாட்சிகள் முன் 'நாங்கள் கணவன் மனைவி' என்று சொன்னால் போதும். எல்லை தாண்டியதும் வரும் கிராமம் கிரெட்னா கிரீன். பட்டறைக் கொல்லர் பட்டடைக்கல்லில் சுத்தியலைத் தட்டி மணமுடிப்பார் என்பது பிரபலமான சித்திரம். பேர்பெற்ற 'குருக்களில்' சிலர் கொல்லரே அல்ல.

லண்டனிலிருந்து முந்நூறு மைலுக்கு மேல். குதிரை மாற்றி மாற்றி விரட்டினாலும் இரண்டு மூன்று நாள். அதாவது நடுவழியில் மனம் மாறினாலும் பயனில்லை. இரண்டு இரவு ஒருவனோடு வண்டியில் போனவள் மணமாகாமல் திரும்பினால் என்ன ஆகும் என்பதை லிடியா பதிலில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் உடன்போக்கில் செவிலித்தாய் தேடிக்கொண்டு வருவாள். இங்கே அண்ணன் துப்பாக்கியோடு வருவான்.

நாயகன் திடீரென்று 'ஸ்பெஷல் லைசென்ஸ்' எடுத்து நீட்டுகிறானே, அது என்ன?

கேன்டர்பரி பேராயர் தரும் தனி அனுமதி. எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்கலாம். நடைமுறையில் பிரபுக்களுக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும்தான் கிடைத்தது. நாவல்களில் சட்டைப்பையில் டிக்கெட் போல வைத்திருப்பது எழுத்தாளரின் அவசரம்.

இத்தனை டியூக்குகள் உண்மையிலேயே இருந்தார்களா?

அரச குடும்பத்தை விட்டுவிட்டால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றிலும் சேர்த்து முப்பதுக்கும் குறைவு. அவர்களில் பலர் கிழவர்கள், மணமானவர்கள், கீல்வாதக்காரர்கள். என் அலமாரியிலேயே அதைவிட அதிகம் டியூக்குகள், எல்லோருக்கும் வயது முப்பது, எல்லோருக்கும் பல் வரிசையாக இருக்கிறது. வரிசை வேண்டுமென்றால்: டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன்.

கூடவே வரும் குழப்பம் 'லேடி'. 'லேடி மேரி' என்று சொந்தப் பெயரோடு வந்தால் அவள் ஏர்லுக்கோ அதற்கு மேலோ மகள். கணவனின் பட்டத்தோடு வந்தால் அது திருமணத்தால் வந்தது. டியூக்கின் மனைவியை 'லேடி' என்று கூப்பிட்டால் அந்த எழுத்தாளர் வீட்டுப்பாடம் செய்யவில்லை.

தொலைக்காட்சித் தொடரில் நாயகி 'அப்பா' என்கிறாள். அன்றைய லண்டனில் நம்மவர்கள் இருந்தார்களா?

'பிரிட்ஜர்டன்' தொடரின் 2022-ஆம் ஆண்டுப் பாகத்தைச் சொல்கிறீர்கள். மூல நாவலில் அவள் ஷெஃபீல்ட் என்ற ஆங்கிலக் குடும்பத்துப் பெண். தொடருக்காக ஷர்மா ஆனாள். அதனால்தான் ஒரே வீட்டில் தமிழ் 'அப்பா'வும் இந்தி 'தீதி'யும் வருகின்றன. அது கற்பனை லண்டன். நிஜ லண்டனில் கப்பல் தொழிலாளர்களும் ஆயாக்களும் இருந்தார்கள். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 1810-இல் அங்கே ஓர் இந்திய உணவகமே திறந்தார்.

எனக்கு இதைவிட சுவையானது எதிர்த்திசைப் பயணம். ஆஸ்டினின் அத்தை ஃபிலடெல்ஃபியா, வரதட்சணைக்கு வழியில்லாத பெண். 1752-இல் மாப்பிள்ளை தேடிக் கப்பலேறி மதராஸில் வந்து இறங்கினார். மறு ஆண்டே கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனி அறுவை மருத்துவர் ஹான்காக்குடன் திருமணம். பிறகு கல்கத்தாவில் பிறந்த மகள் எலைசாவைப் பற்றி, தகப்பன் ஹான்காக்கா, குடும்ப நண்பர் வாரன் ஹேஸ்டிங்ஸா என்று ஊர் பேசியது. ஹேஸ்டிங்ஸ் அந்தப் பெண்ணுக்குப் பத்தாயிரம் பவுண்ட் எழுதிவைத்தார், பேச்சு அடங்கியிருக்குமா? நாவல்களில் பிரபுக்களின் மாளிகைகள் எந்தப் பணத்தில் நிற்கின்றன என்று கேட்பவர்களுக்கும் இந்தியாவில் சேர்த்த இப்படிப்பட்ட பணம்தான் பாதி பதில். மறுபாதி மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களும் அங்கிருந்த அடிமைகளின் உழைப்பும்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்குக் கொடுக்கலாமா? படுக்கையறைக் காட்சி இருக்குமோ?

ஹேயர் வழியில் வருபவை முத்தத்தோடு நிற்கும். 1970-களுக்குப் பிந்திய பல நாவல்களில் கதவு திறந்தே இருக்கும். ஒரு யோசனை: மகள் ஏற்கெனவே படித்திருப்பாள், அவளிடம் கேட்டு நீங்கள் வாங்கிப் படியுங்கள்.

முதலிரவே நடக்கவில்லை, ஆகவே திருமணத்தை ரத்து செய்துவிடலாம் என்று நாயகன் சொல்கிறானே, சரியா?

தவறு. அடிக்கடி காணும் தவறும் இதுதான். அன்றைய இங்கிலாந்தில் 'நடக்கவில்லை' என்பது காரணமாகாது. 'நடக்கவே முடியாது' என்று மதக் கோர்ட்டில் மருத்துவச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். எந்த டியூக் தன் ஆண்மைக் குறைவை ஊரறியப் பதிவு செய்வான்? வயது நிரம்பாதவர் பெற்றோர் சம்மதமின்றி லைசென்ஸில் மணந்தது, ஏற்கெனவே மனைவி உயிரோடிருப்பது போன்றவை வேறு வழிகள்.

வேறொருவனுக்குப் பிறந்த பிள்ளை டியூக் ஆகலாமா?

ஆகலாம். திருமண பந்தத்துக்குள் பிறந்தால் சட்டத்தின் கண்ணில் அது கணவனின் பிள்ளை. அவன் நாட்டிலேயே இல்லை, அல்லது இயலாதவன் என்று நிரூபித்தால்தான் மாறும். வெவ்வேறு ஆண்களுக்குப் பிறந்தவர்கள் என்று பேசப்பட்ட, ஆக்ஸ்ஃபோர்ட் சீமாட்டியின் (கணவரின் குடும்பப் பெயர் ஹார்லி) பிள்ளைகளுக்கு ஊர் வைத்த பெயர் 'ஹார்லியன் மிஸ்லனி'. ஹார்லி குடும்ப நூலகத்திலிருந்து வெளிவந்த பலரக எழுத்துத் தொகுப்பின் பெயர் அது.

மறுபக்கம், பெற்றோர் மணப்பதற்கு ஒரு நாள் முன்னால் பிறந்தவன் சொந்த மகனே ஆனாலும் பட்டம் கிடையாது. பிறகு மணந்தாலும் அன்றைய இங்கிலாந்தில் அது சரியாகாது. மனைவியின் தவறுக்கு மட்டும் இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை.

பெரியம்மா மகனைக் கட்டிக்கொள்கிறாள்! அண்ணன் முறை அல்லவா? யாருமே ஏன் அதிர்ச்சி அடையவில்லை?

ஆஸ்டினின் 1814 நாவலான 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கைப் படித்த தமிழர் எல்லோரும் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். ஃபேனியின் தாயும் எட்மண்டின் தாயும் உடன்பிறந்தவர்கள். நமக்கு அண்ணன், அவர்களுக்கு வெறும் 'கசின்'. எல்லாக் கசினையும் மணக்கலாம், முறை பார்க்கும் வழக்கமே கிடையாது. மேலே சொன்ன எலைசா பின்னாளில் ஆஸ்டினின் அண்ணன் ஹென்றியை மணந்தார். அவருக்கு அத்தை மகள், நம் கணக்கில் முறைப்பெண், பத்து வயது மூத்தவர் என்பதுதான் நெருடும்.

நான் எழுதும் ரீஜென்சி கதையில் நாயகி, இறந்துபோன அக்காளின் கணவனை மணக்கிறாள். நம் ஊரில் சாதாரணம்தானே, அங்கே சரிவருமா?

இது நேர் எதிர்ப்பக்கம். நமக்கு இயல்பானது அவர்களுக்கு விலக்கு. மனைவியின் தங்கை, திருமணத்தால் சொந்தத் தங்கை ஆகிவிட்டாள் என்பது சபையின் கணக்கு. ஆனால் ஒரு சந்து இருந்தது: மணமக்கள் இருவரும் உயிரோடிருக்கும்போது யாராவது மதக் கோர்ட்டில் வழக்குப் போட்டால்தான் ரத்தாகும், யாரும் போடாவிட்டால் செல்லும். ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ், இறந்த மனைவியின் அக்காளை 1820-இல் இப்படித்தான் மணந்தார்.

உங்கள் கதைக்கு இது நல்ல முடிச்சு. சொத்துக்குக் காத்திருக்கும் ஒரு சித்தப்பாவை வைத்து வழக்குப் போடப்போவதாக மிரட்ட வையுங்கள். ரத்தானால் பிள்ளைகள், மேலே சொன்ன, பெற்றோர் மணக்கும் முன் பிறந்தவனின் நிலைக்குப் போய்விடுவார்கள். கதை நடக்கும் ஆண்டை மட்டும் 1835-க்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு வந்த சட்டம், பழைய மணங்களை ஏற்றுக்கொண்டு, அதன் பின் நடப்பவை பிறப்பிலேயே செல்லாதவை என்று சொல்லிவிட்டது. 1907 வரை அந்தக் கதவு திறக்கவில்லை.